வீல் நட்டில் முப்பது கிராம் மிச்சம்

அலாய் வீல் விற்கும் கடைகளில் சிவப்பு, நீலம், தங்க நிறங்களில் அலுமினியம் வீல் நட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. வண்டியோடு வந்த எஃகு நட்டை மறுகையில் வைத்ததும் வித்தியாசம் உறைக்கும். அங்கேயே இரண்டு கட்சிகள் பிறந்துவிடுகின்றன. அலுமினியம் போட்டால் சக்கரம் இலகுவாகும், பிக்கப் கூடும் என்று ஒரு கட்சி. அலுமினியம் மென்மையான உலோகம், ஓடும்போது மரை (நட்டின் உட்புறத் திருகு வரிகள்) போய்ச் சக்கரம் கழன்றுவிடும் என்று இன்னொரு கட்சி. இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. முதல் கட்சி சொல்லும் லாபம் கணக்குப் போட்டால் காணாமல் போகிறது. இரண்டாம் கட்சியின் பயத்தில் நியாயம் உண்டு, ஆனால் அவர்கள் காட்டும் காரணம் சரியில்லை. புது அலுமினியம் நட்டின் வலிமையில் பெரிய குறை கிடையாது. குறை வருவது பிறகு, கண்ணுக்கும் கைக்கும் தெரியாத விதத்தில்.

எடையை முதலில் முடித்துவிடலாம். தரமான அலுமினியம் நட்டுகள் 7075 என்ற கலவையில் செய்யப்படுகின்றன. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.81 கிராம், எஃகுக்கு 7.85. வடிவம் ஒன்றே என்றால் எடை மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். ஒரு நட்டுக்கு 30 கிராம் மிச்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாலு நட் சக்கரம் என்றால் வண்டிக்கு 16 நட், மொத்தம் 480 கிராம். இது சும்மா கிடக்கும் எடை இல்லையே, சுழலும் எடையாயிற்றே என்று உடனே பதில் வரும். சரிதான். ஆனால் சுழலும் எடையின் பாதிப்பு அது மையத்திலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 மி.மீ. பி.சி.டி. (நட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம்) உள்ள சக்கரத்தில் நட் இருப்பது மையத்திலிருந்து 50 மி.மீ. தூரத்தில். டயரின் வெளிப்புறம் சுமார் 300 மி.மீ. தூரத்தில். ஆறில் ஒரு பங்கு தூரம் என்பதால் பாதிப்பு முப்பத்தாறில் ஒரு பங்கு. 480 கிராமை 36-ஆல் வகுத்தால் 13 கிராம் சொச்சம். நான்கு டயர்களின் விளிம்பிலிருந்தும் சேர்த்து 13 கிராம் சுரண்டி எடுத்தால் எவ்வளவு பிக்கப் கூடுமோ, சுழற்சிக் கணக்கில் அவ்வளவுதான் கூடும். ஒரு சிறிய காரின் டயர் 1 மி.மீ. தேய்ந்தாலே அந்த ஒரு டயரிலிருந்து 200 கிராம் அளவுக்கு ரப்பர் போய்விடுகிறது, அதுவும் வெளிவிளிம்பிலிருந்தே. அதை எந்த ஓட்டுநரும் உணர்வதில்லை. எடைக்காக நட் மாற்றுகிறேன் என்பவருக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். அழகுக்காக மாற்றுகிறேன் என்பது நேர்மையான காரணம், அதற்கு வேறு வழியும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது

வண்டியின் பாரத்தை நட்டும், அது ஏறும் மரையிட்ட கம்பியான ஸ்டட்டும் நேரடியாகத் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிய அளவில் நீள்கிறது. நீண்ட ஸ்டட் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டப்படும் சுழலும் மையப் பகுதியோடு, சேர்த்து அழுத்துகிறது. சக்கரத்தின் உள்முகமும் ஹப்பின் முகமும் ஒன்றையொன்று இறுக்கி நிற்க, அந்த உராய்வுதான் பாரம், பிரேக், திருப்பம் எல்லாவற்றையும் கடத்துகிறது. அழுத்தம் குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் மயிரிழை அளவு நழுவ ஆரம்பிக்கும். அப்போதுதான் ஸ்டட் பக்கவாட்டில் வளைந்து வளைந்து களைத்து உடைகிறது. ஆகவே நட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அழுத்தத்தைக் கொடுக்கிறாயா, கொடுத்ததைக் காப்பாற்றுகிறாயா?

எண்ணில் பார்ப்போம். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103 நியூட்டன் மீட்டர் முறுக்கு சொல்லப்படுகிறது, ஹோண்டாவுக்கு 108. ஸ்டட் 12 மி.மீ., மரை உலர்ந்து சுத்தமாக இருக்கிறது என்றால், முறுக்கை அழுத்தமாக மாற்றும் உராய்வுக் குணகத்தை 0.2 என்று எடுப்பது வழக்கம். 103-ஐ 0.2-ஆலும் 0.012 மீட்டராலும் வகுத்தால் சுமார் 43 கிலோ நியூட்டன். நாலு நட்டுக்கு 172. அதாவது ஒரு சிறிய காரின் ஒவ்வொரு சக்கரமும் 17 டன் விசையோடு ஹப்பில் அழுத்தப்பட்டிருக்கிறது. வண்டியே ஒரு டன்தான். முறையாக முறுக்கிய நட் தானாகக் கழலாததற்குக் காரணம் இந்தப் பெரிய இடைவெளி.

இனி அலுமினியம் இதைத் தாங்குமா என்ற கேள்வி. 7075 கலவையின் டி6 என்ற, சூடேற்றிப் பதப்படுத்திய நிலைக்கு வெட்டு வலிமை (வெட்டிப் பிய்க்கும் விசையைத் தாங்கும் திறன்) 330 மெகா பாஸ்கல் அளவில் இருக்கும். 12 மி.மீ. ஸ்டட்டில் 12 மி.மீ. ஆழத்துக்கு மரை கவ்வியிருந்தால், நட்டின் மரையைப் பிய்த்தெடுக்கக் கணக்குப்படி சுமார் 130 கிலோ நியூட்டன் தேவை. 10.9 என்ற வலிமைத் தரத்து எஃகு ஸ்டட் 90 கிலோ நியூட்டனைத் தாண்டும்போதே அறுந்துவிடும். ஆக, புதிய, நல்ல 7075 நட்டில் மரை போவதற்கு முன் ஸ்டட்தான் போகும். இன்னொன்றும் அலுமினியத்துக்குச் சாதகம். எஃகு நட்டில் முதல் மரை மட்டுமே மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏற்றுக்கொள்கிறது. அலுமினியம் அதிகம் நெகிழ்வதால் சுமை அடுத்தடுத்த மரைகளுக்குக் கொஞ்சம் சமமாகப் பரவுகிறது. மலிவு நட்டுகளில் வரும் 6061 கலவைக்கு இந்தச் சலுகை இல்லை. அதன் வெட்டு வலிமை 207 மெகா பாஸ்கல்தான். அதே கணக்கில் 82 கிலோ நியூட்டன், ஸ்டட்டைவிடக் குறைவு. பெட்டியில் 7075 என்று அச்சடித்துவிட்டு உள்ளே 6061 இருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஒரே பளபளப்பு.

போர்ஷே போட்டதே

அலுமினியம் கூடவே கூடாது என்பவர்களிடம் வைக்க வேண்டிய உதாரணம் போர்ஷே 911. ஃபூக்ஸ் என்ற பெயர்பெற்ற அலாய் வீல் வந்த காலத்திலிருந்து 1990-கள் வரை அந்தக் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே அலுமினியம் நட் போட்டார்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் தொடக்கூடிய வண்டி, ஜெர்மனியின் நெடுஞ்சாலையில், அலுமினியம் நட்டில் ஓடியது. அப்படியென்றால் நம் ஸ்விஃப்ட்டுக்கு என்ன கேடு?

அங்கே அவர்கள் நட்டை மட்டும் அலுமினியமாக்கவில்லை. ஸ்டட் 12 மி.மீ. இல்லை, 14 மி.மீ. மரை கவ்வும் சுற்றளவு அதற்கேற்பப் பெரிது. முறுக்கு 130 நியூட்டன் மீட்டர். ஸ்டட்டின் மரையில் குறிப்பிட்ட உயர்வெப்பப் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவச் சொன்னார்கள். அந்த 130 என்ற எண்ணே பேஸ்ட் தடவிய மரைக்குச் சொன்னது. நட்டின் உட்காரும் முகம் அந்தச் சக்கரத்துக்கென்றே வடிவமைத்தது. குறித்த முறுக்கு வந்ததும் ஒலி கொடுக்கும் டார்க் ரெஞ்சில்தான் முறுக்க வேண்டும் என்பது பட்டறை ஒழுங்கு. இவ்வளவும் சேர்ந்ததுதான் அலுமினியம் நட். நாம் கடையில் வாங்குவது அதிலிருந்து நட்டை மட்டும் பிடுங்கி எடுத்து, உலர்ந்த மரைக்கென்று 12 மி.மீ. ஸ்டட்டோடு வடிவமைத்த வண்டியில், காற்றழுத்தத்தில் நட் முறுக்கும் ஏர் கன் வைத்திருக்கும் பஞ்சர் கடையின் கையில் கொடுப்பது.

பேஸ்ட் ஏன் அவ்வளவு முக்கியம்? அலுமினியம் எஃகின் மேல் அழுத்தத்தோடு தேயும்போது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் கிழிந்து, உள்ளிருக்கும் உலோகம் எஃகில் ஒட்டிக்கொண்டு பிய்கிறது. மரைக்குள் சின்னச் சின்னத் திட்டுகளாக அலுமினியம் அப்பிக்கொள்ளும். வண்ணப்பூச்சு போலத் தெரியும் அனோடைஸ் பூச்சு (மின்சாரம் செலுத்தி உருவாக்கும் கெட்டியான ஆக்சைடு படலம்) முதல் சில தடவை காப்பாற்றும், பிறகு மரையிலும் உட்காரும் முகத்திலும் அதுதான் முதலில் உதிரும். நம் சாலைத் தூசியும் மணலும் ஸ்டட்டின் மரையில் படிந்திருந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் உராய்வு கொஞ்சம் ஏறுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு விவாதம் தீர்ந்தது. உராய்வு ஏறினால் டார்க் ரெஞ்சுக்குத் தெரியாது. அது அளப்பது முறுக்கை, அழுத்தத்தை இல்லை. குணகம் 0.2-லிருந்து 0.3-க்குப் போய்விட்டது என்று வையுங்கள். அதே 103-இல் ரெஞ்ச் அதே ‘டிக்’ ஒலியைக் கொடுக்கும். ஆனால் அழுத்தம் 43-லிருந்து 28.6 கிலோ நியூட்டனுக்கு இறங்கியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, முறுக்கியவர் மனநிறைவோடு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். மரை பிய்ந்து சக்கரம் பறக்கும் என்ற பயத்தைவிட எனக்கு இந்த ‘டிக்’ பெரிய பயம். எஃகு நட்டிலும் துருவாலும் அழுக்காலும் உராய்வு ஏறும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டைத் தேய்த்தால் அது பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். பிய்ந்த அலுமினியம் மரை திரும்ப வராது.

அப்படியென்றால் நாமும் கிரீஸ் தடவிவிட்டால்? அங்கே எதிர்ப்பக்கத் தவறு காத்திருக்கிறது. கையேடு உலர்ந்த மரைக்கு 103 சொல்லியிருக்க, கிரீஸால் குணகம் 0.15-க்கு இறங்கினால் அழுத்தம் 57 கிலோ நியூட்டன் ஆகிவிடும். குறைந்த தரத்து ஸ்டட் என்றால் அது நிரந்தரமாக நீண்டுவிடும் எல்லை. எவ்வளவு கிரீஸுக்கு எவ்வளவு குறைத்து முறுக்குவது என்பதைத் தயாரிப்பாளர் சோதித்துச் சொல்லாதவரை அது ஊகம்தான். சக்கரத்தில் ஊகம் வேண்டாம்.

பஞ்சர் கடையும் ஏர் கன்னும்

நம் ஊரில் ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றுபவர் பெரும்பாலும் உரிமையாளர் இல்லை. பஞ்சர், அலைன்மென்ட், டயர் ரொட்டேஷன், பிரேக் பேட் என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு கை. அரை அங்குல ஏர் கன் ஒன்று தாராளமாக 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். அது தேவையைப் போல ஐந்து மடங்கு. எஃகு நட் அதைப் பொறுத்துக்கொண்டு ஸ்டட்டை வருத்தும். அலுமினியம் நட்டில் முதலில் ஆறு மூலைகளும் மழுங்கும். கடையில் இருக்கும் சாக்கெட் தேய்ந்ததாக இருந்தால் ஒரே தடவையில் வட்டமாகிவிடும். பிறகு அதைக் கழற்ற வெல்டிங்கூட உதவாது. எஃகு நட்டின் மேல் இன்னொரு நட்டை வெல்ட் செய்து சுழற்றும் பட்டறை வித்தை அலுமினியத்தில் செல்லாது.

மரை இடைவெளி (ஒரு மரை வரிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், மி.மீ.-இல்) மாறிப்போவதுதான் இதைவிட மோசம். மாருதி சுஸூகி கார்களில் ஸ்டட் பொதுவாக 12 மி.மீ., மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் அதே 12 மி.மீ., இடைவெளி 1.5. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் நட்டே இல்லை, 14 மி.மீ. போல்ட். 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் வைத்தால் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், பிறகு பிடிக்கும். எஃகு நட் என்றால் கையிலேயே தெரிந்துவிடும், ஏர் கன்னும் திணறும். அலுமினியம் என்றால் எஃகு ஸ்டட் அதன் மரையை வெட்டிக்கொண்டே உள்ளே போய்விடும். இறுகியது போலவே இருக்கும். எந்த நட்டானாலும் முதல் ஐந்து ஆறு சுற்று விரலால் ஏற்றச் சொல்லுங்கள். கன்னைக் கையில் எடுப்பதற்கு முன் இந்த ஒன்றைச் செய்தால் பாதி விபத்து இல்லை.

கடற்கரை ஊர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற உப்புக் காற்றில் எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பது அலுமினியம்தான். பூச்சு உதிர்ந்த மரைக்குள் வெள்ளைப் பொடி சேர்ந்து நட் ஸ்டட்டோடு இறுகிப்போகும். ஒரு வருடம் கழற்றாமல் விட்ட அலுமினியம் நட்டைப் பலவந்தமாகத் திருப்பினால் மரையைச் சுருளாக உரித்துக்கொண்டு வரும். எஃகு நட்டில் குரோம் உரியும், துருப் பிடிக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் கழலும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். 7075 கலவைக்கு அந்த வலிமை வருவது 120 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பதப்படுத்துவதால். அதற்கு மேல் சூடேறி அதிக நேரம் இருந்தால் அந்தப் பதம் மெல்ல இறங்கும். சாதாரண ஓட்டத்தில் நட் அந்த அளவுக்குச் சுடாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் பிரேக்கை விடாமல் மிதித்து இறங்கினாலோ, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பிரேக்கை வதைத்து ஓட்டினாலோ டிஸ்க்கின் சூடு ஹப் வழியாக ஸ்டட்டுக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், பந்தயத்துக்காக அலுமினியம் வாங்குபவர்தான் அதைச் சுடவைக்கிறார், அவர்தான் அடிக்கடி கழற்றவும் செய்கிறார்.

எதை வாங்குவது, எப்படி முறுக்குவது

தினசரி ஓட்டும் காருக்கு ஒரே துண்டாகச் செய்த எஃகு நட். ‘ஒரே துண்டு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். எஃகு நட்டின் மேல் மெல்லிய பளபளப்புத் தகடு போர்த்திய இரண்டு துண்டு நட்டுகள் உண்டு. தகட்டுக்குள் தண்ணீர் போய் உள்ளே துரு வீங்கினால் 19 மி.மீ. சாக்கெட் ஏறாது. அடுத்த அளவு லூசாக இருக்கும். நடுவழியில் பஞ்சரானால் இது அலுமினியத்தைவிடத் தலைவலி. பழைய நட்டில் தகடு ஆடுகிறது என்றால் மொத்த செட்டையும் மாற்றுங்கள்.

உலோகத்தைவிட உட்காரும் முகத்தின் வடிவம் முக்கியம் என்றே சொல்வேன். வெளியில் வாங்கும் அலாய் வீல்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டாவின் சொந்த அலாய்களுக்குப் பந்து வடிவ முகம். டொயோட்டாவின் பல அலாய்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை முகம். பந்துக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். முறுக்கும்போது இறுகும், சில நூறு கிலோமீட்டரில் அந்த வளையம் நசுங்கி அழுத்தம் கரைந்துவிடும். மரை கவ்வும் நீளத்தையும் எண்ணிப் பாருங்கள். எஃகு நட்டுக்குக் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவு வேண்டும். அமெரிக்காவில் டிராக் பந்தயம் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதியும் இதையேதான் கேட்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 இடைவெளிக்கு 8 சுற்று, 1.25-க்கு பத்து சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் என்றால் அதில் ஒன்றரை மடங்கு. ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்ட சக்கரத்தில் இந்த எண்ணிக்கை சட்டென்று குறையும்.

முறுக்கும் வேலையில் நுணுக்கம் ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். ஹப் முகத்தில் இருக்கும் துருவையும் மண்ணையும் துடைத்து, ஸ்டட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எல்லா நட்டையும் விரலால் ஏற்றி, எதிரெதிராகப் பாதி முறுக்கு கொடுத்து, ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொட்டதும் முழு முறுக்கு. ஸ்விஃப்ட்டின் பழைய கையேடுகள் 85 சொல்கின்றன, ஹூண்டாயின் சமீபத்திய மாடல்கள் 107 முதல் 127 வரை, உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே கடைசி வார்த்தை. டார்க் ரெஞ்ச் இல்லாமல் வழியில் மாட்டும்போது, மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 35 கிலோ அளவுக்கு அழுத்தினால் 103 வந்துவிடும். ஸ்பேனர் மேல் ஏறி நிற்கும் 60 கிலோ ஆள் 176 கொடுக்கிறார், அது யாருக்கும் வேண்டாம். புது வீலோ புது நட்டோ போட்டால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கரம் ஆறியிருக்கும்போது ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அலுமினியம் போட்டே தீருவேன் என்பவரோடு சண்டை இல்லை. பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் 7075 நட், சொந்த டார்க் ரெஞ்ச், மெல்லிய சுவர் கொண்ட சொந்த சாக்கெட், கடைக்காரர் கையில் கன்னைக் கொடுக்காத உறுதி, இவை நாலும் இருந்தால் பந்தயப் பருவம் ஒன்றுக்கு ஓட்டலாம். பருவம் முடிந்ததும் செட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மரையில் வெள்ளி நிறத் துகள் உதிர்ந்தாலோ, விரலால் ஏற்றும்போது ஓர் இடத்தில் கரகரத்தாலோ பருவம் முடியக் காத்திருக்காமல் மாற்றுங்கள். அழகு மட்டும் போதும் என்றால், உள்ளே குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகும் வெளியே வண்ண அலுமினியம் மூடியும் உள்ள நட்டுகள் ஜப்பானிய தயாரிப்புகளில் கிடைக்கின்றன. அழுத்தத்தை எஃகு பார்த்துக்கொள்ளும், நிறத்தை அலுமினியம் பார்த்துக்கொள்ளும்.

எந்த நட் வாங்கினாலும் வண்டியோடு வந்த பழைய செட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்டெப்னி பெரும்பாலும் எஃகு வீலாக இருக்கும், அதன் குழியும் புது அலாயின் குழியும் ஒரே வடிவம் என்று உத்தரவாதம் இல்லை. ஒரு சக்கரத்துக்கு வேண்டிய பழைய நட்டுகளையும், புது நட்டுக்கு அதன் வடிவத்துக்கென்றே வரும் சாவி சாக்கெட் தேவைப்பட்டால் அதையும், ஒரு துணிப் பையில் கட்டி ஜாக்கிக்குப் பக்கத்திலேயே போட்டு வையுங்கள்.